புள்ளி வைத்தால் ஆயிரம்



ஜெர்மனியின் தென்பகுதியில் ஒரு சிறு நகரத்திலிருந்து நம் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கணவருக்கு அங்கே வேலை மாற்றல். மகன் திருச்சியில் ஆறாம் வகுப்பு முடித்துவிட்டுப் போனவன். புது ஊர், புது மொழி. வரலாறும் அறிவியலும் கொஞ்ச நாள் தடுமாறத்தான் செய்யும், கணக்கு மட்டும் பையனைக் கைவிடாது என்று வீட்டில் எல்லாரும் நம்பியிருக்கிறார்கள். முதல் தேர்வுத்தாள் வந்தது. இருப்பதிலேயே குறைந்த மார்க் கணக்கில்தான்.

அந்தத் தாளிலிருந்து இரண்டு கேள்விகளை எழுதி அனுப்பியிருக்கிறார். ஒன்று: 12.500 மீட்டர் எத்தனை கிலோமீட்டர்? பையன் 0.0125 என்று எழுதியிருக்கிறான். பன்னிரண்டரை மீட்டர் என்று படித்தால் அப்பழுக்கில்லாத விடை. ஆனால் அங்கே புள்ளி என்பது ஆயிரத்தைப் பிரிக்கும் குறி. கேட்டது பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு மீட்டர். விடை பன்னிரண்டரை கிலோமீட்டர்; அதையும் அவர்கள் கமா போட்டு 12,5 என்று எழுதுவார்கள். இரண்டாவது கேள்வி: 84 : 12. இவன் விகிதம் என்று எடுத்துக்கொண்டு 7 : 1 என்று சுருக்கி வைத்திருக்கிறான். அந்தக் கேள்வியில் இரட்டைப் புள்ளிக்கு வகுத்தல் என்று பொருள். விடை வெறும் 7. இரண்டின் மேலும் சிவப்பு மை.

அந்தத் தாய் திருச்சி நோட்டை எடுத்துக்கொண்டு போய் ஆசிரியரைப் பார்த்திருக்கிறார். ஆசிரியர் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார், விஷயம் புரிந்தது என்றார், மார்க்கை மட்டும் மாற்றவில்லை. மார்க் போனால் போகட்டும், தனக்குக் கணக்கு வராது என்று பையன் நம்பத் தொடங்கிவிட்டானே என்பதுதான் கடிதத்தில் இருக்கும் கவலை. அவருக்கு எழுதிய பதிலைக் கொஞ்சம் விரித்து, எல்லாருக்குமாக இங்கே தருகிறேன். நம் வாசகர் வீடுகளில் பாதிக்காவது கடல் தாண்டிய சொந்தம் உண்டு என்று எனக்குத் தெரியும்.

முதலில் இந்தப் புள்ளி, கமா விவகாரம். இந்தியா, இலங்கை, பிரிட்டன், அமெரிக்கா, சீனா, ஜப்பான், சிங்கப்பூர், மலேசியா எல்லாம் தசமத்துக்குப் புள்ளி வைக்கும் நாடுகள். ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், ரஷ்யா, நார்வே, டென்மார்க், பிரேசில், வியட்நாம் எல்லாம் கமா வைப்பவை. சிங்கப்பூரிலிருந்து கப்பலேறி ஒரு மணி நேரத்தில் இறங்கும் இந்தோனேசியாவிலும் கமாதான். பாலிக்குச் சுற்றுலா போனவர்கள் விலைப்பட்டியலில் 50.000 ரூபியா என்று பார்த்துவிட்டு ஒரு கணம் மகிழ்ந்து போயிருப்பார்கள். சுவிட்சர்லாந்து தனி வழி: ஆயிரங்களைப் பிரிக்க அங்கே எண்ணின் தலைக்கு மேல் ஒற்றை மேற்கோள் குறி போட்டு 1'000'000 என்று எழுதுவார்கள். கனடாவில் ஒரே நாட்டுக்குள் இரண்டு வழக்கமும் உண்டு. டொராண்டோவில் ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் பெரியப்பா மகள் 4.99 என்று எழுதுவாள். மாண்ட்ரியாலில் பிரெஞ்சுப் பள்ளிக்குப் போகும் சித்தப்பா மகன் 4,99 என்று எழுதுவான்.

கம்ப்யூட்டரும் இதில் கட்சி கட்டும். ஜெர்மன் மொழி அமைப்பில் இருக்கும் எக்செலில் 3.4 என்று அடித்துப் பாருங்கள். அது எண்ணாக நிற்காது, ஏப்ரல் 3 என்று தேதியாகிவிடும். பள்ளிப் பையில் இருக்கும் கால்குலேட்டரோ பல நேரம் புள்ளியைக் காட்டும். ஆக அங்குள்ள பிள்ளைகள் பலர் காகிதத்தில் ஒன்றும் கருவியில் ஒன்றுமாக எழுதிப் பழகியே வளர்கிறார்கள். அங்கேயே பிறந்த பிள்ளைக்கு இது சிரமமே இல்லை. பன்னிரண்டு வயதில் போய் இறங்குகிற பிள்ளைக்குத்தான் சிக்கல்.

இந்தப் பிரிவு எப்போது வந்தது? 1585இல் கணித அறிஞர் சைமன் ஸ்டெவின் தசம எண்களைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதி ஐரோப்பாவில் பரப்பியபோது அவர் புள்ளியும் வைக்கவில்லை, கமாவும் வைக்கவில்லை. ஒவ்வோர் இலக்கத்துக்கும் வட்டத்துக்குள் எண் போட்டு இடத்தைக் காட்டினார். பின்னால் வந்தவர்கள் ஆளுக்கொரு குறி வைத்தார்கள். ஸ்காட்லாந்துக்காரரான ஜான் நேப்பியர் மடக்கை அட்டவணைகளோடு புள்ளியைப் பிரபலமாக்கினார். பெருக்கலுக்கு × என்ற குறியை ஆங்கிலேயர் வில்லியம் ஆட்ரெட் 1631இல் அச்சில் கொண்டுவந்தார். ஜெர்மனியின் லைப்னிட்ஸுக்கு அது பிடிக்கவில்லை. எக்ஸ் என்ற எழுத்தோடு குழம்பும் என்று 1698இல் கடிதமே எழுதினார். பெருக்கலுக்குப் புள்ளியும் வகுத்தலுக்கு இரட்டைப் புள்ளியும் அவர் தேர்வு. அந்தப் புள்ளியைப் பெருக்கலுக்குக் கொடுத்துவிட்ட நாடுகளில் தசமத்துக்குக் கமா வசதியாக இருந்தது.

இங்கிலாந்துக்காரர்கள் நெடுங்காலம் தசமப் புள்ளியை அடியில் வைக்காமல் எண்ணின் நடு உயரத்தில் வைத்தார்கள். 3·14 என்று பழைய ஆங்கில நூல்களில் பார்க்கலாம். லான்செட் மருத்துவ இதழ் இன்றும் அப்படித்தான் அச்சிடுகிறது. ஒரு ஜெர்மன் மாணவன் கையில் அதைக் கொடுத்தால் மூன்றைப் பதினான்கால் பெருக்கி 42 என்பான். நமக்குப் பழக்கமான ÷ குறியின் கதை இன்னும் வேடிக்கை. 1659இல் சுவிட்சர்லாந்தின் யோஹான் ரான் அதை வகுத்தலுக்கு அச்சில் பயன்படுத்தினார். அது ஊன்றியது இங்கிலாந்தில். டென்மார்க், நார்வே பக்கம் அதே குறி கழித்தலைக் காட்டியது, இருபதாம் நூற்றாண்டு வரைக்கும். கணிதக் குறியீடுகளுக்கான இன்றைய சர்வதேசத் தரம், ஐஎஸ்ஓ 80000-2, அந்தக் குறியே வேண்டாம் என்கிறது. நம் ஒன்றாம் வகுப்பிலிருந்து கால்குலேட்டர் பொத்தான் வரை அது அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

இதையெல்லாம் தோண்டி எடுத்து 1928, 1929 ஆண்டுகளில் இரண்டு பெரிய தொகுதிகளாகக் கணிதக் குறியீடுகளின் வரலாற்றை எழுதியவர் ஃப்ளோரியன் கஜோரி. அவரே சுவிட்சர்லாந்தில் பிறந்து, பதினாறு வயதில் அமெரிக்காவுக்குப் போய்ப் படித்தவர். அந்த வயதில் அவர் நோட்டில் எத்தனை சிவப்பு மை விழுந்தது என்று அவர் எழுதிவைக்கவில்லை. எழுதியிருந்தால் நம் வாசகியின் மகனுக்கு அதைத்தான் முதலில் படிக்கக் கொடுப்பேன்.

குறியீட்டில் பிடிவாதம் பிடித்து ஒரு தேசமே தன் மாணவர்களைப் பின்தங்க விட்ட கதை ஒன்று உண்டு. பிளஸ் டூ படித்தவர்களுக்கு டிஒய் பை டிஎக்ஸ் நினைவிருக்கும். அது லைப்னிட்ஸ் கொடுத்த வடிவம். நியூட்டன் அதே கருத்தை எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்துக் காட்டினார். நுண்கணிதத்தை முதலில் கண்டது யார் என்று இருவர் தரப்புக்கும் மூண்ட சண்டை, நியூட்டன் 1727இல் இறந்த பிறகும் தணியவில்லை. இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் தலைப்புள்ளியை விடமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டன. ஐரோப்பாவில் அடுத்த நூறு ஆண்டுகளில் ஆய்லரும் லக்ராஞ்சும் லப்லாசும் லைப்னிட்ஸின் வடிவத்தை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டார்கள். கேம்பிரிட்ஜ் மாணவனுக்கு அந்த நூல்களைத் திறந்தால் கண்ணைக் கட்டியது. குறி மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். அணுகுமுறையும் பழசாகிப் போயிருந்தது. ஆனால் கதவைச் சாத்தி வைத்தது அந்தக் குறிதான்.

கதவைத் திறந்தவர்கள் மாணவர்களே. 1812இல் கேம்பிரிட்ஜில் சார்லஸ் பாபேஜ், ஜான் ஹெர்ஷல், ஜார்ஜ் பீக்காக் முதலியோர் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். எல்லாருக்கும் இருபதை ஒட்டிய வயது. இந்தப் பாபேஜ்தான் பின்னாளில் கணிப்பொறிக்கு முன்னோடியான எந்திரத்தை வடிவமைத்தவர். மூவருமாக லக்ரோவா என்ற பிரெஞ்சுக்காரரின் பாடநூலை மொழிபெயர்த்து 1816இல் வெளியிட்டார்கள். மொழிபெயர்ப்பு வந்ததும் எல்லாரும் மாறிவிடவில்லை. அடுத்த ஆண்டு பீக்காக் பல்கலைக்கழகத் தேர்வு நடத்துபவர்களில் ஒருவரானார். கேள்வித்தாளில் புதுக் குறியைப் போட்டார். அவ்வளவுதான். தாளில் வருவதை மாணவன் படிப்பான், மாணவன் கேட்பதை ஆசிரியர் நடத்தியாக வேண்டும். சில ஆண்டுகளிலேயே தலைப்புள்ளி கேம்பிரிட்ஜ் தேர்வுகளில் மங்கிப்போனது. (நேரத்தைப் பொறுத்த மாற்றத்தைக் காட்ட இயற்பியலில் அது இன்றும் வாழ்கிறது. நல்ல குறி எதுவும் முற்றாகச் சாவதில்லை.)

மேல்வகுப்புக்குப் போகப் போக வேறுபாடு குறையும் என்று நினைப்போம். கூடும். நேர்க்கோட்டின் சமன்பாட்டை நாம் ஒய் சமம் எம்எக்ஸ் கூட்டல் சி என்று மனப்பாடம் செய்தோம். அமெரிக்காவில் சி-க்குப் பதில் பி. ஆஸ்திரியாவில் கேஎக்ஸ் கூட்டல் டி. இத்தாலியில் எம்எக்ஸ் கூட்டல் கியூ. சுவீடனில் கேஎக்ஸ் கூட்டல் எம். கடைசியதைக் கவனியுங்கள்: நமக்குச் சாய்வைக் காட்டும் எம், அங்கே கோடு அச்சை வெட்டும் இடத்தைக் காட்டுகிறது. எம்-மின் மதிப்பு என்ன என்று கேட்டால் நம் பிள்ளை யோசிக்காமல் சாய்வைத்தான் சொல்லும். இருபடிச் சமன்பாட்டுக்கு மைனஸ் பி பிளஸ் ஆர் மைனஸ் என்று தொடங்கும் சூத்திரத்தை நம் அப்பாக்கள் தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பார்கள். ஜெர்மன் பள்ளிகள் பலவற்றில் எக்ஸ் வர்க்கத்தின் கெழுவை முதலில் ஒன்றாக்கிவிட்டு, பி, கியூ என்று இரண்டே எழுத்துகளில் ஒரு சூத்திரம் நடத்துகிறார்கள். விடை ஒன்றே. அப்பா சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் வீட்டில் சண்டை.

ரஷ்யாவுக்குப் பொறியியல் படிக்கப் போகிறவர்கள் முக்கோணவியலில் டேன் என்பதற்குப் பதில் டிஜி என்ற எழுத்துகளைப் பார்ப்பார்கள். அதைக்கூட ஒரு நாளில் பழகிவிடலாம். சேர்மானங்கள் பாடத்தில்தான் தலைசுற்றும். நாம் சி-யின் இடப்பக்கத் தோளில் பெரிய எண்ணையும் வலப்பக்கக் காலடியில் சிறிய எண்ணையும் போடுவோம். அங்கே இரண்டுமே சி-யின் வலப்பக்கம், பெரியது கீழே, சிறியது மேலே. பத்திலிருந்து மூன்றைத் தேர்வதை நம் ஆள் தலைகீழாகப் படித்துவிட்டு, மூன்றிலிருந்து பத்தை எப்படி எடுப்பது என்று விழிப்பார்.

குறியோடு நிற்காமல் விடையையே மாற்றிவிடும் வழக்கங்களும் இருக்கின்றன. நம் பாடநூலில் இயல் எண்கள் ஒன்றில் தொடங்கும். பூச்சியத்தைச் சேர்த்தால் அதற்கு முழு எண்கள் என்று வேறு பெயர். பிரான்சில் இயல் எண்கள் பூச்சியத்திலேயே தொடங்கிவிடும். அங்கே பூச்சியம் மிகை எண்ணும்கூட, குறை எண்ணும்கூட. பூச்சியத்தை விலக்க வேண்டுமென்றால் கண்டிப்பாக மிகை என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐந்தைவிடச் சிறிய இயல் எண்கள் எத்தனை? இங்கே நான்கு, அங்கே ஐந்து. இரண்டு பிள்ளைகளும் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள். 1959இல் ருமேனியாவில் தொடங்கிய சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நாட்டு அணித் தலைவரும் கேள்விகளைத் தம் மாணவர்களின் மொழிக்கு மாற்றிக் கொடுக்கிறார். கேள்விகளிலும் பல நேரம் இயல் எண் என்று பொதுவாக விடாமல் மிகை முழுக்கள் என்று உடைத்தே சொல்லிவிடுகிறார்கள். உலகின் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கே இவ்வளவு பார்த்துச் செய்கிறார்கள் என்றால், ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு வரி விளக்கம் தருவதில் யாருக்கும் நட்டமில்லை.

வீட்டுக்குள் அதிகம் வருத்தம் விளைவிப்பது நீள் வகுத்தல்தான். நாம் வகுக்கும் எண்ணை இடப்பக்கம் போட்டு, ஈவை வலப்பக்கமோ தலைக்கு மேலோ எழுதுவோம். பிரான்சில் ஒரு நெடுங்கோடு கிழித்து, வகுக்கும் எண்ணை அதன் வலப்பக்கம் வைத்து, ஈவை அதற்கு அடியில் எழுதுவார்கள். ஜெர்மனியில் எல்லாம் ஒரே வரியில்: எண், இரட்டைப் புள்ளி, வகுக்கும் எண், சமக்குறி, ஈவு. பாரிஸில் லா சப்பல் பக்கம் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அப்பா இரவு வந்து மகளுக்கு வகுத்தல் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால், “எங்கட ரீச்சர் இப்பிடிச் செய்யமாட்டா அப்பா” என்று அந்தப் பிள்ளை நோட்டை இழுத்துக்கொள்ளும். அந்த அப்பா ஊரில் கணக்கில் நல்ல மார்க் எடுத்தவராகவும் இருப்பார். பிரெஞ்சில் பேசத் தயங்குகிற பெற்றோருக்குப் பிள்ளையின் படிப்பில் பங்கெடுக்க மிஞ்சியிருந்த ஒரு பாடமும் இப்படிக் கைநழுவுகிறது. குறியீட்டு வேறுபாட்டின் பெரிய இழப்பாக நான் நினைப்பது மார்க்கை அல்ல, இதைத்தான்.

கையெழுத்தையும் சொல்லிவிடுகிறேன். நாம் ஒன்றை நேர்க்கோடாக இழுத்துவிடுவோம். ஐரோப்பாவில் ஒன்றுக்கு மேலே நீளமாக ஒரு சாய்கோடு இருக்கும். நம் கண்ணுக்கு அது ஏழு. அவர்களுடைய ஏழுக்கு இடுப்பில் ஒரு குறுக்குக்கோடு உண்டு. குறுக்குக்கோடு இல்லாத நம் ஏழை அங்குள்ள ஆசிரியர் ஒன்று என்று படித்துவிட வாய்ப்பிருக்கிறது. இதற்கு மட்டும் விவாதமே வேண்டாம்: பிள்ளையை முதல் நாளிலேயே ஏழுக்குக் குறுக்குக்கோடு போடப் பழக்கிவிடுங்கள்.

எல்லா நாடும் கூடி ஒரே முறைக்கு வந்துவிட்டால் என்ன என்று வாசகி கேட்கிறார். பேசிப் பார்த்திருக்கிறார்கள். எடை, அளவுகளுக்கான பன்னாட்டுப் பொதுமாநாடு 1948இலேயே, தசமத்துக்குப் புள்ளியோ கமாவோ வைத்துக்கொள்ளுங்கள், ஆயிரங்களைப் பிரிக்க இரண்டும் வேண்டாம், இடைவெளி விடுங்கள் என்று தீர்மானம் போட்டது. 2003இல் மறுபடி கூடியபோதும் அதையே உறுதிப்படுத்தியது. தசமக் குறியில் யாரையும் வற்புறுத்தவில்லை. அது புத்திசாலித்தனம் என்பேன். ஆயிரங்களுக்கான இடைவெளியை நாம் யாரும் அன்றாடத்தில் மதிக்கவில்லை. நம் இதழின் சந்தாக் கணக்கிலேயே இலட்சத்துக்குக் கமா இருக்கிறது. 12,34,567 என்று நாம் எழுதுவதை வெளிநாட்டு ஆசிரியர் பார்த்தால் கமா இடம் மாறிவிட்டது என்றுதான் நினைப்பார்.

ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நம் ஊர்ப் பாடநூல்கள் நல்ல காரியம் செய்திருக்கின்றன. இலட்சம், கோடி என்று போகும் இந்திய முறையையும் மில்லியன், பில்லியன் என்று போகும் பன்னாட்டு முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லித்தருகின்றன. எதையும் தவறு என்று சொல்வதில்லை. தசமக் கமாவுக்கும் இரட்டைப் புள்ளி வகுத்தலுக்கும் இதேபோல அரைப் பக்கம் ஒதுக்கினால் போதும். இங்கேயே இருக்கப்போகிற பிள்ளைக்கும் அது வீணில்லை. என்றாவது ஒரு ஜெர்மன் எந்திரத்தின் கையேட்டையோ பிரெஞ்சு மருந்துப் பெட்டியையோ அது படிக்க நேரும்.

ஆசிரியர்களாக இருக்கும் வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வேறு நாட்டிலிருந்து, ஏன், வேறு மாநிலத்திலிருந்து ஒரு பிள்ளை உங்கள் வகுப்பில் வந்து சேர்ந்தால், பழைய நோட்டை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். தவறு என்று அடிக்கும் முன் எப்படி எழுதினாய் என்று கேளுங்கள். அலகு மாற்றும் வழியைச் சரியாகச் செய்த பையனுக்கு அந்தத் தேர்வில் பாதி மார்க்காவது கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. பெற்றோருக்கு: பிள்ளையின் புது நோட்டைப் பார்த்து இது தப்பு என்று சொல்லாதீர்கள். “எங்க ஊர்ல இப்படிப் போடுவோம், உங்க ஸ்கூல்ல எப்படிப் போடுறாங்க, எனக்குச் சொல்லிக்கொடு” என்று உட்காருங்கள். சொல்லிக்கொடுக்கும்போது பிள்ளைக்கு இரண்டு முறையும் நின்றுவிடும்.

வெளிநாட்டில் இருக்கும் வாசகர்கள் உங்கள் பிள்ளையின் நோட்டிலிருந்து ஒரே ஒரு நீள் வகுத்தல் கணக்கைப் படமெடுத்து, நாட்டின் பெயரையும் வகுப்பையும் குறித்து எங்களுக்கு அனுப்புங்கள். வரும் இதழ்களில் ஒரு பக்கம் ஒதுக்கி வெளியிடுகிறோம். பிள்ளையின் பெயர் வேண்டாம். விடை தவறாக இருந்தாலும் பரவாயில்லை, அனுப்பலாம்.

அன்புடன்,
ஆசிரியர்